ஏழாவது வீட்டு நீலம்

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1124, ஆவணி 6

அய்யா துணை.

அதுக்கில்ல மக்கா பூங்கனி, ‘இந்தத் தடவை ஒண்ணும் செய்யாண்டாம் அத்தே, டாக்டர் பாத்துக்கிடுவாரு’ன்னு நீ எழுதுனா நான் கையைக் கட்டிட்டு இருந்திருவேன்னு நெனச்சியா? ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தாச்சு. ஒண்ணு முப்பது நாளு, மத்தது பதினோரு நாளு. அப்பமும் டாக்டர் உண்டும்லா? தாயில்லாத உன்னை நாலு வயசுல இருந்து இடுப்புல சொமந்தவ நான், உனக்க அப்பனுக்குக் கூடப்பிறந்தவ. எனக்குப் பேசப் பாத்தியம் உண்டு.

பிள்ளை தங்காத பெண்ணுக்கு நம்ம குடும்பத்துல ஒரு வழி உண்டு. உனக்க அப்பனே அப்படித் தங்கினவன்தான். அவனுக்கு முந்தி மூணு போச்சு. பிள்ளை தவறாத ஏழு வீட்டு வாசல் முத்தத்துல போய் மடி ஏந்தி நிக்கணும். அந்த வீட்டுப் பிள்ளையள் உடுத்துக் களைஞ்ச துணியில ஒண்ணை மடியில இடுவாவ. யாருக்குள்ளதுன்னு கேக்கப்பிடாது. வேற துணி தாங்கன்னு சொல்லப்பிடாது. கழுவவும் பிடாது. அந்தப் பிள்ளைக்க உடம்புச் சூடு அதுல இருக்கணும். ஏழையும் வெட்டி, ஒட்டுப் போட்டு, ஒரே போர்வையாத் தைச்சு, பிறந்த பிள்ளைய அதுல கெடத்தணும். அப்பம் எமன் வந்து பாத்தா, இது எந்த வீட்டுப் பிள்ளைன்னு அவனுக்கு அடையாளம் தெரியாது.

உனக்கு ஏழாம் மாசம். இனி இருந்தா ஆகாது. வெள்ளிக்கிழமை இறங்கப் போறேன். அய்யாவுக்க பதியில போய்க் கும்பிட்டுச் சொல்லியாச்சு, நாமத்து மண்ணும் வாங்கி வச்சிருக்கேன், இதுக்குள்ள மடிச்சிருக்கு, நெத்தியில இட்டுக்க. எதிர்வீட்டுக்காரி கேக்கா, ‘செல்லக்கனியக்காவுக்கு இந்த வயசுல பிச்சை எடுக்க வந்துட்டுதோ’ன்னு. ‘ஆமாட்டி, உனக்க வீட்டுக்கு வரமாட்டேன், உனக்க மாப்பிளைக்க கிழிஞ்ச வேட்டிதான் மடியில விழும்’னேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. தலைச்சுமை எடுக்காண்டாம். குளிர்ல வெறுங்கால்ல நடக்காண்டாம்.

அத்தை செல்லக்கனி

*

பீருமேடு
7-9-1948

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரியிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பானவர். பழந்துணி குழந்தையின் பக்கத்திலேயே வரக்கூடாது என்கிறார். கோட்டயத்திலிருந்து புது ஃபிளானல் வாங்கி வைத்திருக்கிறோம்.

எனக்கு இந்த ஏழு வீட்டு வழக்கத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் தெரியாது. ஆனால் இரண்டாவது குழந்தை போனபோது எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவ்வளவு பேசுகிற நீங்கள் மட்டும் என் காலைப் பிடித்துவிட்டபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தீர்கள். அதனால் தையுங்கள் அத்தை. உங்கள் கையால் ஒன்று இங்கே இருக்கட்டும்.

பூங்கனி

*

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1124, புரட்டாசி 12

அய்யா துணை.

மக்கா, போர்வை முடிஞ்சுது. கடப்புறத்து ததேயுஸ் கருவாட்டுக் கூடையோட மலைக்கு வாறான், அவன் கையில குடுத்து விடுகேன். கருவாட்டுல முட்டாம வச்சுக் கொண்டு போலேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். அவன் கேப்பானா, அய்யாவுக்குத்தான் வெளிச்சம்.

ஏழு வீட்டுக் கதையைக் கேளு. உபதேசியார் வீட்டு ஞானபாய் முத்தத்துல போய் மடி ஏந்துனேன். ‘ஏட்டி செல்லக்கனி, இதெல்லாம் அஞ்ஞானம் கேட்டியா, முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணு’ன்னா. ‘நீ ஜெபம் பண்ணு, நான் பிச்சை எடுக்கேன், ரெண்டும் அந்தப் பிள்ளைக்குத்தானே’ன்னேன். உள்ள போனவ, அவ மகன் ஞானஸ்நானத்துக்கு இட்ட வெள்ளைச் சட்டையையே கொண்டாந்து மடியில இட்டா. அதை வெட்டுதுக்கு எனக்குக் கை வரல்ல. ஜுபைதா பீவி பச்சைப் பட்டு. ‘எட்டு பெத்து எட்டும் நிக்குது, என்கிட்ட மொதல்ல வராம எங்கல்லாம் சுத்திட்டு வாறிய’ன்னு அவளுக்குக் கோவம்.

ஏழாவது நம்ம தோப்புக்கு அடுத்த விளை தாணம்மாள். எப்பமும் ‘இரி அக்கா, வெத்தல போடு’ன்னு விடமாட்டா. அண்ணைக்கு முத்தத்துலயே நிறுத்திட்டா. மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயிச்ச பொறவு அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். கிணத்தடியில குவிச்சுப் போட்டிருந்த அழுக்குத் துணியில இருந்து ஒரு பாவாடையை உருவி மடியில போட்டா. ஆனா துணின்னா அதுதான் துணி. ஆகாச நீலம், அதுல அரிசி மாதிரி வெள்ளைப் பூவு. உடுத்து உடுத்து வெண்ணெயாட்டு இருக்கு. அதைத்தான் நடுவுல வச்சுத் தைச்சிருக்கேன், பிள்ளைக்க கன்னம் படுத இடத்துல. அடியில உனக்க அப்பன் வேட்டி.

ஒண்ணு சொல்லுகேன். வெந்நீர்ல போடுகேன், சோப்புல போடுகேன்னு இறங்கிராத. பிள்ளை கெடந்து அதுவே நனைச்ச பொறவுதான் தண்ணி படணும்.

அத்தை

*

பீருமேடு
14-11-1948

அன்புள்ள அத்தைக்கு,

ஐப்பசி ஐந்தாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். இன்று இருபத்தைந்தாவது நாள். எழுதப் பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை. சுசீலா என்று இவர் பேர் வைத்திருக்கிறார். அப்பாவின் நெற்றி. அழும்போது மட்டும் உங்களைப் போல, ஊருக்கே கேட்கிறது.

போர்வை கருவாட்டு வாசனையோடு வந்தது. பிரித்து விரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன பொடித் தையல் அத்தை! எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்?

கோபப்படாமல் கேளுங்கள். கழுவாமல் போட டாக்டர் விடமாட்டார். நீங்கள் வேண்டாம் என்று எழுதியதால் கழுவ எனக்கு மனம் வரவில்லை. அதனால் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.

பூங்கனி

*

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1124, கார்த்திகை 10

அய்யா துணை.

பெட்டியில பூட்டி வைக்கதுக்கா ஏழு முத்தத்துல மடி ஏந்துனேன்? ஐம்பத்து மூணு வயசுல, ஊரெல்லாம் பாக்க? பெண் பிறந்த சந்தோசத்தைக் கூட முழுசா அனுபவிக்க விடல்லையே நீ. உனக்க கடிதாசியைப் பதியில கொண்டு வச்சுத்தான் பிரிச்சேன். ‘பெண்’ணுன்னு வாசிச்சதும் அங்கயே விழுந்து கும்பிட்டேன். பெட்டின்னு வாசிச்சதும் எழும்பி வீட்டுக்கு வந்து இதை எழுதுகேன்.

மத்தது ரெண்டும் முப்பது நாள் தாண்டல்ல, ஓர்மை இருக்கா? டாக்டருக்குப் பத்துப் பிள்ளை போனா பதினோராவது வரும். உனக்கு வருமா? இண்ணைக்கே எடுத்து இடு. கழுவாம இட்டேன்னு அய்யா மேல சத்தியம் பண்ணி எழுது. எழுதல்லைன்னா இனி எனக்க கடிதாசி உனக்கு வராது. நான் இப்படிப் பேசுத ஆளு இல்லன்னு உனக்குத் தெரியும். பேச வைக்காத.

அத்தை

*

பீருமேடு
12-12-1948

அன்புள்ள அத்தைக்கு,

சத்தியமாகக் கழுவாமல்தான் போட்டேன். கார்த்திகை இருபத்தைந்தாம் தேதி. மலையில் குளிர் கடுமையாகிவிட்டது, ஃபிளானல் போதவில்லை என்று இவரிடம் சொல்லிச் சமாளித்தேன். டாக்டர் வரும்போது மட்டும் எடுத்து ஒளித்துவிடுவேன்.

முதல் நாளே அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். நடுவிலிருக்கும் நீலத் துண்டை விரலால் பிடித்து வாயில் வைத்துக்கொள்கிறாள். இழுத்தால் விடுவதில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. ஐம்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது அத்தை. இவ்வளவு நாள் நான் எந்தக் குழந்தைக்கும் எண்ணியதில்லை.

பூங்கனி

*

பீருமேடு
16-1-1949

அத்தைக்கு,

சுசீலா இந்த மாதம் நான்காம் தேதி இறந்துவிட்டாள். வைசூரி. முதலில் காய்ச்சல், பிறகு முகம் முழுக்க. கடைசியில் கண் திறக்க முடியவில்லை. மூன்று மாதம் ஆனதும் அம்மை குத்துவதற்குப் பேர் எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த மலையில் இரண்டு வருஷமாக யாருக்கும் வைசூரி கிடையாது. வெளியிலிருந்து ஏதாவது துணி வந்ததா என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன். தொட்டில், ஃபிளானல், போர்வை எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். அவள் தொட்டது என்று ஒன்றுமே இந்த வீட்டில் இல்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

எந்த வீடு?

பூங்கனி

*

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1124, தை 22

மக்கா,

எழுத உக்காருகதும் எழும்பிப் போறதுமா எட்டு நாளாச்சு. பதிக்கும் போகல்ல. போனா என்னன்னு சொல்லி நிக்க?

கேக்கப்பிடாததை ஏழு வீட்டுலயும் போய்க் கேட்டேன். ஞானபாய் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. ஜுபைதா பீவி எட்டுப் பிள்ளையளயும் வரிசையா நிறுத்தி, சட்டையைத் தூக்கிக் காட்டுனா, ‘பாரு, ஒரு புள்ளி இருக்கா’ன்னு. ஏழாவது வீட்டுல நான் வாயைத் தெறக்குமுன்ன தாணம்மாள் நெலத்துல இருந்துட்டா.

அவளுக்க எளைய பெண்ணு, ஒன்பது வயசு, சொர்ணம். அதுக்கு ஆவணியில வைசூரி வந்திருக்கு. வெளிய தெரிஞ்சா மூத்தவளுக்க கல்யாணம் நிண்ணு போவும்னு உள்ளேயே போட்டு மறைச்சிருக்கா. சர்க்கார் ஆளு வந்து வாசல்ல சுண்ணாம்புக்கோடு போட்டு வீட்டை ஒதுக்கிருவான்னு பயம். நான் மடி ஏந்தி நின்ன அண்ணு பிள்ளை உள்ள கெடந்திருக்கு. அந்த நீலப் பாவாடை அதுக்குள்ளதுதான். சொர்ணம் பொழைச்சுட்டுது. முகமெல்லாம் குழி. என்னைக் கண்டு தூணுக்குப் பொறத்த மறைஞ்சுது.

எனக்கு ஆறு வயசுலயே வந்து போன நோவு அது. அதுனால என்னை ஒண்ணும் செய்யல்ல. செஞ்சிருக்கலாம்.

தெரிஞ்சே குடுத்திருக்கா மக்கா. அவ கையாலதான் மடியில இட்டா. உள்ள அந்த நோவை வச்சிட்டு, பச்சைப் பிள்ளைக்குன்னு கேட்டு நிக்கவளுக்கு அதை இட அவளுக்கு எப்படி மனசு வந்துது? கழுவாண்டாம்னு நான் எழுதுனேன், சத்தியம் வாங்குனேன், அது உள்ளதுதான். ஆனா எனக்குத் தெரியாதே. அவளுக்குத் தெரியும்லா.

செல்லக்கனி

*

பீருமேடு
10-2-1949

அத்தைக்கு,

தெரிந்தே கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும். இவர் ஊருக்கு வருகிறார். தடுத்துப் பார்த்தேன், முழு மனதோடு தடுக்கவில்லை.

பூங்கனி

*

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1124, மாசி 14

மக்கா,

மாப்பிள்ளை வந்தாரு. எனக்க வீட்டுல ஒரு வாய் வெள்ளம் குடிக்கல்ல. நேரே தாணம்மாளுக்க முத்தத்துல போய் நின்னாரு. குமாரதாஸ் இவ்வளவு சத்தமாப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாது. ‘எனக்க பிள்ளையக் கொன்னிட்டு உனக்க பிள்ளைக்குக் கல்யாணமாட்டி’ன்னு கேட்டாரு. ஊரே வேலியோரம் கூடிட்டுது. ‘குடுத்தியா இல்லியா? இந்தா, வாங்குனவ நிக்கா, சொல்லு’ன்னு என்னைக் கை காட்டுனாரு. நான் ஆமான்னு தலையாட்டுனேன். தாணம்மாள் என்னையே பாத்துட்டு நின்னா. ஏதோ சொல்ல வந்தாப்ல வாய் தெறந்துது. பின்ன மூடிட்டா.

மறுநாளே மாப்பிளை வீட்டுக்காரன் ஆள் விட்டுக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டான். இப்பம் அந்த வீட்டுக் கிணத்துல யாரும் வெள்ளம் கோரது இல்ல.

உனக்கு மனசு ஆறிச்சா மக்கா? எனக்கு ஆறல்ல.

*

பீருமேடு
3-5-1954

அன்புள்ள அத்தைக்கு,

ஐந்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதியது பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கார்டு. நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. பாதியைப் பிரிக்கவில்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பையனுக்கு மூன்று வயது முடியப் போகிறது. பிறந்த பத்தாம் நாளே அம்மை குத்தியாயிற்று. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்ததிலிருந்து வரவேண்டும் என்றிருக்கிறது. இவருக்கும் லீவு கிடைக்கும். வைகாசி கடைசியில் வந்து ஒரு மாதம் இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

ஆனால் அத்தை, உங்கள் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் தாணம்மாளின் வேலியைத் தாண்டித்தான் வரவேண்டும். அவளை நேரில் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. சிறுவயதில் எனக்குப் பல்லாங்குழி சொல்லித் தந்தவள் அவள். ஐந்து வருஷமாக ஒருவரை வெறுத்துக்கொண்டே இருப்பது லேசான வேலை இல்லை. சில நாள் கை ஓய்ந்துவிடுகிறது. அப்போதெல்லாம் உங்கள் தை மாதக் கடிதத்தை எடுத்து, ‘தெரிஞ்சே குடுத்திருக்கா’ என்ற வரியை மறுபடி வாசிப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வரி சத்தியமா? அன்று அந்த முற்றத்தில் நடந்ததை மறுபடி ஒருமுறை யோசித்து எழுதுங்கள். அது உண்மையென்றால் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிடுவேன். இல்லையென்றால் அவள் வீட்டில் ஏறி ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன்.

பூங்கனி

*

இராஜாக்கமங்கலம்
கொல்லம் 1129, வைகாசி 9

அய்யா துணை.

எனக்க பொன்னு மக்கா, நீ வாறேன்னு எழுதினதை வாசிச்சு உனக்க அப்பன் கட்டில்ல எழும்பி இருந்துட்டான். அவனுக்கு நோவெல்லாம் உன்னைக் காணாத நோவுதான். வடக்கு அறையைச் சுத்தம் பண்ணிட்டேன். பையனுக்குப் பனங்கற்கண்டு வாங்கி வச்சிருக்கேன். பாய் புதுசு, தலையணை புதுசு, துணி எல்லாம் கடையில எடுத்ததுதான், நான் ஊசி தொட்டு அஞ்சு வருசமாச்சு. கண்ணும் தெரியல்ல. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க.

நீ தாணம்மாளைக் காணாண்டாம் மக்கா. அவ போயிட்டா. உனக்க கடிதாசி வந்த அண்ணைக்கு மறுநாள். வயித்துல கட்டியாம், ஆறு மாசமாக் கெடந்தாளாம். அடுத்த விளை, எனக்குத் தெரியல்லையே. தெரிஞ்சுக்கிட நான் போகல்ல.

சாவுக்குப் போனேன். போவாண்டாம்னுதான் இருந்தேன். உனக்க கடிதாசி இடுப்புல இருந்துது, அது இழுத்துட்டுப் போச்சு. பத்துப் பேரு கூட இல்ல. ஞானபாய் நின்னா. குளிப்பாட்ட ஆள் காணாம நிக்காவ. நான் சேலையை இழுத்துச் சொருவிட்டு இறங்கிட்டேன். எலும்பும் தோலும். நீ வெறுத்துட்டு இருந்த ஆளு இல்ல அது மக்கா, அவ என்னைக்கோ போயிட்டா. மூத்தவ கல்யாணம் ஆகாமலேதான் நிக்கா. அவதான் வெள்ளம் கோரித் தந்தா. எனக்க முகத்தை ஏறிட்டுப் பாக்கல்ல.

நீ கேட்டதுக்குப் பதில் எழுதணும். அவ தெரிஞ்சுதான் குடுத்தா. உள்ள பிள்ளை கெடக்குது, வெளிய நான் நிக்கேன். என்னை முத்தத்துல இருந்து அனுப்பணும்னு அவளுக்கு அவசரம். கையில கெடச்சதை உருவிப் போட்டுட்டா. அது தெரிஞ்சு குடுத்ததுதானே? நான் அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கேன். மறுநாள் வந்து சொல்லியிருக்கலாம்லா, அவ சொல்லல்ல. கல்யாணத்துக்குப் பயந்துட்டா. அது அவளுக்க குத்தம். அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

மத்ததெல்லாம் வந்தப்பொறவு பேசிக்கிடலாம். கோட்டயம் பஸ்ல பையனுக்கு வாந்தி வரும், நாரங்காத் தொலி கையில வச்சுக்க, மோந்துக்கிடட்டும். நாகர்கோவில்ல இறங்கினா ததேயுஸ் வண்டி கொண்டு நிப்பான். அவன் இப்பம் கருவாட்டு யாவாரம் விட்டுட்டான்.

இண்ணைக்கு மழைச்சாரல். சாவுக்குப் போன அண்ணும் இப்படித்தான். அடக்கம் முடிஞ்சு நான் பாட்டுக்கு நடக்கேன், தெங்கு மூட்டு வளைவு வரைக்கும் வந்தாச்சு, பின்னால இருந்து ‘அக்கோ, நில்லு’ன்னு ஒரு சத்தம். செத்துக் கெடந்தவளுக்க சத்தம் மக்கா, அச்சு அசல் தாணம்மாளுக்க சத்தம். திரும்பிப் பாத்தா அந்தச் சொர்ணம். பதினஞ்சு வயசுப் பெண்ணாயிட்டா. முகத்துல குழி இருந்தாலும் நல்ல கண்ணு. தள்ளை தாணம்மாள் விளிச்ச மாதிரியே என்னை அக்கான்னுதான் விளிக்கா. ‘குடையை வச்சிட்டு வந்திட்டிய’ன்னு கொண்டு நீட்டுனா. வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டு வாரமா அந்தச் சத்தம் காதுல கெடந்து மொணங்குது, ஏன்னு தெரியாம இருந்தேன்.

இப்பம் இதை எழுதும்பம்தான் ஓர்மை வருது. நான் அந்த இடத்துல அதே சத்தத்தை முன்னமே கேட்டிருக்கேன். ஏழாவது வீட்டுல வாங்கிட்டு மடியைச் சுருட்டிட்டு வரும்பம். ஏழாவது துணி மடியில விழுந்தாப் பின்ன திரும்பிப் பாக்கப்பிடாது, பாத்தா பலிக்காது. தெங்கு மூட்டு வளைவுல, பின்னால இருந்து, ஓடி வந்த மூச்சு முட்ட, ‘அக்கோ, நில்லு, அது வேண்டாம், வேற தாறேன்’னு விளிச்சா மக்கா. ரெண்டு தடவை விளிச்சா. நான் நடந்துட்டேன்.